நாற்காலி மோட்டார் சைக்கிள்

எங்கள் வீட்டுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அஜ்மானில், மூன்றாவது மாடியில், டிவிக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே. மேஜையின் மர நாற்காலிகள் இரண்டை எதிரெதிரே போட்டு, அவற்றின் மேல் இரண்டு இரும்புக் குழாய்களைப் பக்கம் பக்கமாகக் கிடத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே சோபா மெத்தையை வைத்தால் வண்டி தயார். சக்கரம், விளக்கு, ஹாரன் எதுவும் கிடையாது. ஆனாலும் நான் அதில் ஏறிப் போகாத ஊர் இல்லை. துபாய்க்குப் போகும் வழியில் அப்பா தினமும் மாட்டிக்கொள்ளும் ஷார்ஜா டிராஃபிக்கை எல்லாம் நான் வளைந்து நெளிந்து தாண்டிவிடுவேன்.

அதைச் செய்தவள் அம்மா. ஆனால் எனக்கு விளையாடக் கொடுப்பதற்காகச் செய்யவில்லை. அதுதான் எனக்கிருந்த மனத்தாங்கல்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அஜ்மான் சனாயாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தார். சனாயா என்றால் ஊருக்கு வெளியே பட்டறைகளாக இருக்கும் பகுதி. மாமா தகடு வெட்டுவார், வளைப்பார், வெல்டிங் வைப்பார். வாயும் கொஞ்சம் நீளம். அந்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றுதான் சொல்வார்கள். அவர் தன்னுடைய அப்பா ஓட்டிய பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை எங்கிருந்தோ தூசி தட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். அது மறுபடியும் ரோட்டில் ஓட வேண்டும். லைட் பளிச்சென்று எரிய வேண்டும், எஞ்சின் மக்கர் பண்ணக் கூடாது. அதற்குப் புதுக்காலத்து எலக்ட்ரானிக் சாமான்கள் தேவை. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அவருடைய அப்பா ஓட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். புதிதாக ஒரு ஸ்க்ரூகூடக் கண்ணில் படக் கூடாது. ஆக, பேட்டரி, ஃப்யூஸ் பாக்ஸ், ஸ்பார்க்கைக் கவனித்துக்கொள்ளும் கறுப்புப் பெட்டி, கரண்ட்டைச் சீராக்கும் இன்னொரு பெட்டி என்று அத்தனையும் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும். அந்த வண்டிக்கென்றே அளவெடுத்து ஒரு ட்ரே செய்தால்தான் அது நடக்கும். கடையில் விற்கிற சாமான் இல்லை. நான் செய்கிறேன் என்று மாமா கையைத் தூக்கிவிட்டார். தனக்குத் தகடு தெரியும், வயரிங் தெரியாது என்பது எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போதுதான் அவருக்கே ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு வயரிங் தெரியும். திருநெல்வேலியில் பாலிடெக்னிக் படித்து, கல்யாணம் ஆகும் வரைக்கும் ஒரு கம்பெனியில் கண்ட்ரோல் பேனல்களுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் விசாவில் இங்கே வந்துவிட்டாள். அந்த விசாவில் குடும்பத் தலைவி, வேலை செய்ய அனுமதி இல்லை என்று அச்சடித்திருக்கும். அப்பா விடிவதற்கு முன்பே துபாய்க்குக் கிளம்பிவிடுவார். பிறகு நான் ஸ்கூல் பஸ் ஏறுவேன். அதன் பின் நான் திரும்பி வரும்வரை அம்மா அந்த வீட்டில் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. எங்கள் மாடியில் எல்லாக் கதவுகளும் சாத்தியே இருக்கும். வெளியே கிடக்கும் செருப்புகளை வைத்துத்தான் எந்த வீட்டில் எத்தனை பேர், புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் ஸ்கூலில் இருந்து வந்ததும் அம்மா அன்றைய செருப்பு நிலவரத்தைச் சொல்வாள். எதிர்வீட்டில் ஒரு சின்னப்பிள்ளைச் செருப்பு வந்திருக்கிறது என்று ஒருநாள் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். அந்தப் பிள்ளையை நாங்கள் கடைசி வரைக்கும் பார்க்கவே இல்லை.

எங்கள் டெலிபோனைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது பேசுவதற்கான டெலிபோன் அல்ல, மணியடிப்பதற்கான டெலிபோன். அப்பா ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது மொபைலில் இருந்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். டிராஃபிக்கைக் கணக்குப் போட்டு, அம்மா அதற்குத் தோதாக உலை வைப்பாள். மாமா கட்டடத்துக்குக் கீழே வந்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், நான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். ஊரில் இருந்து மணி வந்து நின்றால், அங்கே ஏதோ பேச வேண்டும், காலிங் கார்டு வாங்கிக் கூப்பிடு என்று அர்த்தம். காசு செலவில்லாமல் காரியம் நடந்தது. யாரும் எடுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒருமுறை நான் அவசரப்பட்டு அப்பாவின் மிஸ்டு காலை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் அப்பா பதறிப்போய் என்ன, என்ன ஆச்சு என்று கேட்க, நான் ஒன்றுமில்லை என்று சொல்ல, அவருடைய பேலன்ஸ் போனது. அம்மா என்னை எதிரில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"மிஸ்டு கால எடுத்துட்டா அது என்னட்டி மிஸ்டு கால்? போன எடுக்கதுக்கு முன்னால ஒரு செகண்ட் யோசிக்கணும்."

இந்த விஷயத்தில் அம்மா ராணுவம். மணி அடித்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, அது ஓயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேசாத அந்தப் போனைத் துடைத்துத் துடைத்து வைப்பாள்.

ட்ரே வேலை இப்படித்தான் வீட்டுக்குள் வந்தது. மாமா ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் சட்டத்தை அளந்து, சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டு வந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, எதில் இருந்து எது வரைக்கும் அளந்தாய் என்று கேட்டாள். மாமா கையை விரித்து, இங்கேயிருந்து இங்கே என்று காற்றில் காட்டினார். காற்றில் ட்ரே செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு அம்மா நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். ஒர்க்‌ஷாப்பில் இருந்து இரண்டு குழாய் கொண்டுவரச் சொன்னாள். அந்த வண்டியை அவள் பார்த்ததே இல்லை. மாமா சொல்லச் சொல்ல, குழாய்களை நெருக்கியும் விலக்கியும், கண்ணால் காணாத ஒரு வண்டியின் நடுப்பகுதியை எங்கள் ஹாலில் கட்டி நிறுத்தினாள்.

பிறகு அட்டை. கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டிகளைப் பிரித்து, மீன் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, டேப் ஒட்டி, முதலில் அட்டையிலேயே ஒரு ட்ரே செய்தாள். பேட்டரிக்கும் பெட்டிகளுக்கும் பதிலாகத் தீப்பெட்டியும் சோப்பு டப்பாவும் உட்கார்ந்தன. சூடாகும் பெட்டியைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. வயர் போகும் ஓட்டையில் ரப்பர் வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தில் தகடு வயரை அறுத்துவிடும். இதையெல்லாம் அவள் யாரிடம் சொன்னாள் என்று யோசித்தால், என்னிடம்தான். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே உம் கொட்டினேன். மாமா அட்டையைத் தலைகீழாக வைத்துத் தகட்டை வெட்டிவிடுவார் என்று பயந்து, என் நோட்டுப் புத்தகங்களில் ஒட்டும் லேபிள் ஒன்றைக் கேட்டாள். அதில் பெயர் என்ற இடத்தில் மேல்பக்கம் என்றும், வகுப்பு என்ற இடத்தில் இடது கைப்பக்கம் என்றும் எழுதி ஒட்டினாள். தன் கையெழுத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

அந்த நாட்களில் குழம்பில் உப்பு இருக்காது. துவைத்த துணி பால்கனியிலேயே கிடக்கும். செருப்பு நிலவரம் நின்றுபோனது. நான் பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தால் அம்மா கதவைத் திறந்துவிட்டு, வாயில் டேப்பைக் கடித்தபடியே திரும்பிப் போய்விடுவாள். எனக்கு அழுகையாக வரும். அந்தப் பெரிய கட்டடத்தில் பேசுவதற்கு எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆள், அந்த ஆளையும் ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி பிடுங்கிக்கொண்டது. ஆனால் அவள் பாட்டு முனகினாள். அதற்கு முன்னால் அவள் பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது.

அட்டை ட்ரே குழாய்களுக்கு நடுவே கச்சிதமாக உட்கார்ந்தது. மாமா தகடு வெட்டப் போகலாம் என்று எழுந்துவிட்டார். நான் வழக்கம்போல வண்டியில் ஏறித் திருநெல்வேலிக்குக் கிளம்பினேன். அம்மா குனிந்து மெத்தைக்கு அடியில் பார்த்தாள். என்னை இறக்கிவிட்டாள். மறுபடியும் ஏறச் சொன்னாள். பிறகு அப்பா வரட்டும் என்றாள்.

அப்பா டிராஃபிக்கில் வெந்து, டை தளர்ந்து, டிபன் பாக்ஸ் பையோடு உள்ளே வந்தார். அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அம்மா வண்டியில் ஏறி உட்காரச் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கும் தெம்பு இல்லாததால் பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மெத்தை அமுங்கியது. அடியில் தீப்பெட்டி நொறுங்கும் சத்தம் கேட்டது.

அம்மா மாமாவிடம் திரும்பி, "ஏல, நீ அளவெடுக்கும்போது சீட்டுல ஆள் இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

மாமா காலிச் சீட்டைத்தான் அளந்திருக்கிறார். அர்பாப் என் அப்பாவைப் போல இரண்டு மடங்கு. அவர் ஏறி உட்கார்ந்தால் பழைய சீட்டின் இரும்பு அடித்தகடு வளைந்து இறங்கி, பேட்டரியின் தலையைத் தொட்டுவிடும். தொட்டால் தீப்பொறி, பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். அம்மா இதை நிதானமாகச் சொன்னாள். அப்பா இன்னும் வண்டியில் இருந்து இறங்கவில்லை. கேட்டுவிட்டு அவசரமாக இறங்கினார்.

மறுநாள் அம்மா மாமாவின் கையில் ஒரு சின்ன டப்பா கொடுத்தனுப்பினாள். உள்ளே சப்பாத்தி மாவு உருண்டை. பேட்டரியின் மேல் இதை வைத்து, சீட்டை மாட்டி, ஒர்க்‌ஷாப்பிலேயே குண்டான ஆளைப் பிடித்து உட்கார வைத்து, பிறகு மாவை அப்படியே எடுத்துக்கொண்டு வா என்றாள். மாலையில் டப்பா திரும்பி வந்தது. மாவு அப்பளமாகத் தட்டையாகியிருந்தது. அம்மா அதை என் ஸ்கேலால் அளந்தாள். எவ்வளவு கீழே இறக்க வேண்டும் என்பது அவளுக்கு அதில் தெரிந்துவிட்டது. மறுபடியும் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி. ஒரு பேட்டரிக்காக நான் அந்த மாதம் முழுக்கக் காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ் தின்றேன்.

மாமா அலுமினியத் தகட்டில் ட்ரேயைச் செய்து கொண்டுவந்தபோது அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஓரங்களில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒரு மூலையைக் காட்டினாள், மாமா அரத்தை எடுத்து ராவினார். பிறகு சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து, ஒவ்வொரு பெட்டியாக அதில் பொருத்தி, சிவப்பு வயர், கறுப்பு வயர், பச்சை வயர் என்று இழுத்துக் கட்டினாள். வயர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், தலை வாரி விட்டது போலப் படிந்து கிடந்தன. நான் என் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு ஒழுங்காக அவள் பின்னியதில்லை என்று தோன்றியது.

ட்ரேயை நாற்காலி வண்டியில் மாட்டி, ஒரு சின்ன பல்பைக் கோத்து ஸ்விட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது. மாமா கைதட்டினார். அம்மா தட்டவில்லை.

"பல்பு எரியறது ஒரு பெருசா? எஞ்சின் ஓடும்போது லைட்டப் போட்டா சத்தம் தடுமாறக் கூடாது. தடுமாறாம ஒரே சீரா இருந்தா நம்ம வயரிங் சரி. எனக்கு வண்டியப் பாக்கணும்னுகூட இல்லல. அந்தச் சத்தத்தக் கேட்டா போதும்."

அதற்கென்ன, ஸ்டார்ட் பண்ணியதும் வண்டியை இங்கேயே ஓட்டிக்கொண்டு வந்து பால்கனிக்குக் கீழே நிறுத்துகிறேன் என்று மாமா வாக்குக் கொடுத்தார். அம்மா அன்றைக்கே பால்கனியில் கிடந்த பழைய அட்டைப் பெட்டிகளை ஒதுக்கிவைத்தாள்.

ஆனால் அர்பாப் வேறு விதமாக முடிவு செய்துவிட்டார். என் அப்பாவின் வண்டியை முதலில் உதைத்து ஸ்டார்ட் செய்யப்போவது நான்தான், அதுவரை யாரும் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நண்பர்களோடு வருவேன், ஸ்டார்ட் ஆனதும் டிரெய்லரில் ஏற்றி என் பண்ணைக்குக் கொண்டுபோவேன் என்று சொல்லிவிட்டார். மாமா வியாழக்கிழமை மாலை வந்து இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் டீ டம்ளரைப் பார்த்தே சொன்னார். அக்காவை அங்கே கூட்டிப்போக முடியாது, எல்லாம் ஆம்பிளைகளாக இருப்பார்கள் என்றார். அப்பா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம், "விசாவுல என்ன அடிச்சிருக்குன்னு தெரியும்லா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மாமா டீயைக் குடித்து முடித்துவிட்டு, ட்ரேயைத் தானே செய்ததாகத்தான் அர்பாபிடம் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

"நான் எதுக்குல அங்க வாரேன்? எனக்குச் சோலி கிடக்கு. இவளக் கூட்டிட்டுப் போ, பாத்துட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்படித்தான் நான் சனாயாவுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை என்பதால் ஷட்டர்கள் எல்லாம் இறங்கிக் கிடந்தன. மாடிக் கம்பிகளில் வேலைக்காரர்களின் நீல உடுப்புகள் வரிசையாகக் காய்ந்தன. தகரக் கூரைக்குக் கீழே வண்டி நின்றது. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. எங்கள் வீட்டு வண்டியைவிடச் சின்னதாக இருந்தது. அதில் திருநெல்வேலி வரை போக முடியும் என்று தோன்றவில்லை. ட்ரேயைத் தேடினேன். சீட்டை மாட்டி மூடிவிட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் சுற்றி வந்து பார்த்தாலும் ஒரு வயர்கூடத் தெரியவில்லை. அம்மா எதுவுமே செய்யாதது போல இருந்தது அந்த வண்டி.

அர்பாப் கணுக்கால் வரை தொங்கும் வெள்ளைக் கந்தூராவில், நண்பர்களோடு வந்தார். எனக்கு ஒரு மாம்பழ ஜூஸ் கொடுத்தார். மாமா என்னிடம் தன் மொபைலைக் கொடுத்து, "வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா அம்மைக்கு ஒரு மிஸ்டு கால் குடு மருமவளே. ஒத்த ரிங் போதும்" என்றார். அப்பா வீட்டில்தான் இருந்தார், ஊரில் இருந்து வருவதென்றால் ராத்திரியில்தான் வரும், அந்த நேரத்தில் வேறு யாரும் மிஸ்டு கால் கொடுக்க மாட்டார்கள். மணி அடித்து நின்றால் வண்டி ஓடிவிட்டது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எனக்கும் ஒரு முக்கியமான வேலை வந்துவிட்டது. நம்பரை முன்கூட்டியே அழுத்தி வைத்து, பச்சைப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

அர்பாப் ஏறி உட்கார்ந்தார். சீட் இறங்கியது. மாமா ஓர் அடி பின்னால் நகர்ந்தார். தீப்பொறி எதுவும் வரவில்லை. அர்பாப் உதைத்தார், ஒன்றுமில்லை. மறுபடியும் உதைத்தார், வண்டி இருமியது. யாரோ சிரித்தார்கள். அர்பாப் சிரிக்கவில்லை. கந்தூராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்று, முழு உடம்பும் இறங்க ஒரு உதை உதைத்தார். தகரக் கூரை அதிர்ந்தது. மாமா ஓடிப்போய் ஹெட்லைட் ஸ்விட்சைப் போட்டார். வெளிச்சம் எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. சத்தம் மாறவில்லை. பட் பட் பட் பட் என்று ஒரே சீராக ஓடிக்கொண்டே இருந்தது.

நான் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். திரையில் விநாடிகள் ஓட ஆரம்பித்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே கட் செய்தேன். இது கணக்கில் சேராது. மிஸ்டு கால் என்றால் முறையாக அடித்து நிற்க வேண்டும். மறுபடியும் அடித்தேன். மறுபடியும் எடுத்துவிட்டாள். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. விநாடிகள் ஓடுகின்றன, மாமாவின் பேலன்ஸ் போகிறது. எஞ்சின் சத்தத்தை மீறிப் போனில் கத்தினேன்.

"அம்மா, இது மிஸ்டு கால்ம்மா! எடுக்காத!"

கட் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் அடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அர்பாபே வண்டியை அணைத்துவிட்டார். இறங்கி, டேங்கைத் தடவிக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு மாமாவின் தோளில் தட்டி, முஹந்திஸ், முஹந்திஸ் என்றார். அரபியில் இன்ஜினியர் என்று அர்த்தம். மாமா தலையைக் குனிந்து சிரித்தார். வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டி, தார்ப்பாயைப் போட்டு மூடிக் கொண்டுபோனார்கள்.

திரும்பி வரும் வழியில் மாமா பாதித் தூரம் வரை சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். எங்கள் தெரு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கட்டடத்தின் கீழே பிக்கப்பை நிறுத்தி, நீ மேலே போ, எனக்கு வேலை இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை. அதன் பிறகு கொஞ்ச நாளில் அவருக்குச் சவூதியில், யான்புவில் ரிஃபைனரி வேலை கிடைத்துப் போய்விட்டார். அர்பாப் கொடுத்த நல்ல சர்ட்டிஃபிகேட்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது என்று பிற்பாடு சொல்வார்கள். வேறு எந்த வண்டி வேலையும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

படியேறும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டேன். அன்றைக்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன், இன்றைக்குச் சொல்வது என் முறை. நான் பெல்லை அடிப்பதற்கு முன்பே அம்மா கதவைத் திறந்தாள்.

"ஏம்மா எடுத்த? அதுவும் ரெண்டு தடவ. போன எடுக்கதுக்கு முன்னால ஒரு செகண்ட் யோசிக்கணும்மா" என்றேன்.

அம்மா கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டாள். பிறகு, "தெரியாம எடுத்துட்டேன்ட்டி" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள், சத்தம் எப்படி இருந்தது என்று. நான் யோசித்துப் பார்த்து, ரொம்பச் சத்தமாக இருந்தது என்றேன். அவள் இன்னும் ஏதோ கேட்கப்போனவள் போல நின்றாள். நான் மாம்பழ ஜூஸைப் பற்றியும், வண்டி எவ்வளவு சின்னது என்பதைப் பற்றியும், சீட்டை மூடிவிட்டதால் எதையுமே பார்க்க முடியவில்லை என்பதைப் பற்றியும் சொன்னேன். சரி, கை கழுவிட்டு வா என்று சொல்லிவிட்டு அவள் ஹாலுக்குப் போய், நாற்காலிகளில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். என் வண்டி போகிறதே என்று நான் சிணுங்கினேன். ராத்திரி சாப்பிட உட்கார நாற்காலி வேண்டாமா என்றாள்.

அப்பா சோபாவில் பேப்பரோடு இருந்தார். அம்மா குழாய்களைப் பால்கனிக்குக் கொண்டுபோன சமயம் பார்த்து, நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லோருக்கும் சட்டம் சொல்லும் அம்மாவே மிஸ்டு காலை எடுத்து மாமாவின் பேலன்ஸைத் தீர்த்துவிட்டாள் என்று மெதுவாகப் போட்டுக் கொடுத்தேன். அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் பார்த்தார்.

"மத்தியானம் சாப்ட்டதுல இருந்து அந்தப் போன் பக்கத்துலதாம்மா உக்காந்திருந்தா" என்றார்.

அவ்வளவு நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் எப்படித் தெரியாமல் எடுத்தாள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் மடியில் இருந்த பேப்பரை மறுபடியும் விரித்தார். என் கையில் மாம்பழ ஜூஸ் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. நான் கை கழுவப் போனேன்.